கனகராஜின் வாக்குமூலம்

செனாய் பட்டணத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் சந்திரமதிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலா, எதிர் வீட்டு வேலி சாய்ந்துவிட்டதா, அம்மணியிடம் தீர்வு தயாராக இருக்கும். அப்பேர்ப்பட்டவள், கிளினிக்கில் பரிசோதனை முடிவு வந்ததிலிருந்து ஒரே வேலைதான் பார்த்தாள்: புருஷனை விசாரிப்பது.

கருப்பை வாயில் எச்.பி.வி. கிருமி இருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். உடலுறவில் தொற்றும் கிருமி என்று தாதி சொன்னது காதில் நன்றாக ஏறியது. விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றுநோயாகும் என்றது மட்டும் ஏறாத மாதிரி இருந்துகொண்டாள். அக்கா புஷ்பவள்ளி போய்ச் சேர்ந்தது அதே நோயில்தான்.

"சிங்கப்பூர்ல தங்கி வேலை செஞ்சீங்களே, அப்ப எவ கூட?"

கனகராஜ் பாவம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். "அலமாக்! ரூம் முழுக்க ஆம்பளைங்க லா!"

"தப்பு பண்ணது நீங்க. ஆஸ்பத்திரிக்கு மட்டும் நான் போகணுமா? போகமாட்டேன்!"

என்ன நியாயமோ! அவருக்குத் தினமும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ டீதான் வந்தது. ஆஸ்பத்திரி தேதியும் நெருங்கி வந்தது.

அதற்கு முந்தைய நாள் மாலை அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, நான்தான். யாரு, எப்பன்னு எல்லாத்தையும் சொல்றேன். ஆனா டாக்டர் முன்னாடிதான் சொல்வேன்."

மறுநாள் சந்திரமதி கடையைக்கூடத் திறக்காமல், அவருக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, கொஞ்சம் மாற்றம் இருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

சந்திரமதி புருஷன் பக்கம் திரும்பினாள். "ம்ம், இப்ப சொல்லுங்க. எவ அவ?"

விஷயம் புரிந்ததும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது ரொம்பப் பேருக்கு வர்ற கிருமிம்மா. பாதிக்கு மேல தானாவே போயிடும். வருஷக்கணக்கா சத்தமில்லாமலும் இருக்கும். யார்கிட்டருந்து, எப்ப வந்துச்சுன்னு சொல்லவே முடியாது."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்றாள் சந்திரமதி.

"வேற எப்படி நீ வருவ?" கனகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புஷ்பவள்ளி அக்காவக் கடைசில தூக்கி உட்கார வச்சது நான்தான். உன்னயும் அப்படித் தூக்க என்னால முடியாது, சந்திரா."

சந்திரமதி கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, ஒருவழியாகக் குரலைத் தேடிப் பிடித்தாள்.

"இந்தப் பொய்ய முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"