வண்டியில் இடமில்லை

இது கட்டுக்கதை இல்லை. கோட்டூர்புரத்தில், பட்டப்பகலில், பன்னிரண்டு குடும்பம் குடியிருக்கிற ஒரு அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கில் ஆரம்பித்த விஷயம். நடந்தது வெள்ளைச்சாமிக்கு. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற மனுஷர். இதை வெளியே சொன்னால் பேய்க்குக் கேவலம் இல்லை, அவருக்குத்தான் கேவலம். அப்படியும் சொன்னார். அதனால்தான் நான் நம்புகிறேன்.

போன மே மாதம். கொடைக்கானல், அங்கிருந்து கன்னியாகுமரி என்று ஒரு வாரப் பயணம். அவர், மனைவி மாரீஸ்வரி, பெண்கள் பூஜாவும் அனன்யாவும். நாலு பேர். கார் அஞ்சு பேர் போகிற கார்.

வீட்டில் இன்னொருத்தரும் இருந்தார். தங்கம். வெள்ளைச்சாமியின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பியோடு சென்னைக்கு வந்தவர். கடை ஆரம்பித்த காலத்தில் வேலையாட்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டவர். இரண்டு பெண்களையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

ஆனால் தங்கத்துக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வரும். சர்க்கரை வேறு. மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி இறங்கியாக வேண்டும். "அத்தை வந்தா நான் வரல" என்று பூஜா சொல்லிவிட்டாள். மாரீஸ்வரி வெள்ளைச்சாமியைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் போய்ச் சொன்னார். "அக்கா... வண்டியில இடம் பத்தாதுக்கா. லக்கேஜே ஏகப்பட்டது கிடக்கு."

தங்கம் கேட்டார். "கன்னியாகுமரியும் போறீகளா?"

"ஆமாக்கா."

"நல்லா பாத்துட்டு வாங்கப்பா. வீட்டை நான் பாத்துக்கிடுதேன்."

கிளம்புகிற அன்று விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சாதம் கிளறி, நாலு டப்பாவில் கட்டி, சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். தலை கிறுகிறு என்று இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிட யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மறந்துபோய் இல்லை. கூப்பிட்டால் வெளியே வருவார். வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கதவு மூடியே இருந்ததில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தார்கள்.

மூன்றரை மணிக்கு வெள்ளைச்சாமி கீழே போய்ச் சாமான் ஏற்ற ஆரம்பித்தார். டிக்கியில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கியும் இடம் மிச்சம். அவர் நின்று யோசித்தார். பெரிய நீலப் பெட்டியை வெளியே இழுத்தார். பின் சீட்டில், இடது பக்க ஜன்னலோரம் தூக்கி வைத்தார். அக்கா ஒருவேளை பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தால், சொன்னது பொய் என்று தெரியக்கூடாதே!

பெட்டியைச் சீட்டில் அழுத்தும்போது காது மடல் சுட்டது என்றார். சின்ன வயதில் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி.

தண்ணீர் கேன் எடுக்க மேலே போனார். திரும்பி வந்தார்.

சீட்டில் பெட்டி இல்லை.

டிக்கியைத் திறந்தார். உள்ளே இருந்தது. தான் முதலில் வைத்திருந்த அதே இடத்தில். பின் சீட்டை யாரோ துடைத்திருந்தார்கள். சாய்ந்துகொள்ளத் தோதாக ஒரு தலையணை நிறுத்தியிருந்தது.

கேட் பக்கம் வாட்ச்மேன் குலாம் முகம்மது உட்கார்ந்திருந்தார்.

"பாய், வண்டியைத் தொட்டீங்களா?"

"நான் இன்னாத்துக்கு சார் தொடப்போறேன்? உங்க அக்காதான் வண்டியாண்ட நின்னுகினு இருந்துச்சு."

வெள்ளைச்சாமிக்கு அப்போது பயம் வரவில்லை. வந்தது வெட்கம். அக்கா இறங்கி வந்திருக்கிறார். பார்த்துவிட்டார். இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பெட்டியைத் திரும்பச் சீட்டில் வைக்கக் கை வரவில்லை. டிக்கியைச் சாத்தினார்.

மேலே போனார். அக்காவின் அறைக் கதவு மூடியே இருந்தது. வெளியே அவருடைய செருப்பு. காலில் போட்ட மாதிரி தெரியவில்லை.

தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை. என்னவென்று சொல்வது? மன்னிச்சிரு அக்கா என்றா? வா அக்கா, நீயும் வா என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். பின்னாலேயே மாரீஸ்வரி கைப்பையோடு நின்றாள்.

"அக்கா... கிளம்புறோம்."

உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம். அப்புறம், மெதுவாக...

"சரிப்பா."

அவ்வளவுதான். நாலு பேரும் பூனை மாதிரி அடிவைத்து வெளியே வந்தார்கள்.

கிண்டி தாண்டுவதற்குள் சத்தம் ஆரம்பித்தது.

டிங்... டிங்... டிங்...

பின்னால் ஒருவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்கிற சத்தம்.

"பூஜா, பெல்ட் போடு."

"போட்டிருக்கேன்பா. ரெண்டு பேரும் போட்டிருக்கோம்."

டிங்... டிங்...

ஜன்னலோர சீட்டில் தலையணை மட்டும்தான். சென்சார் கெட்டிருக்கும் என்றார் வெள்ளைச்சாமி. அனன்யா கையை நீட்டி அந்தக் காலி சீட்டுக்கும் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

தாம்பரம் தாண்டினார்கள். கண்ணாடியில் பார்த்தார். மூத்தவள் பூஜா அவருக்கு நேர் பின்னால். நடுவில் சின்னவள் அனன்யா. பூஜாமேல் ஒட்டிக்கொண்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அவ்வளவு இடம் கிடக்கிறது.

"ஏன் பாப்பா இடிச்சிட்டு உக்காந்திருக்க? தள்ளி உக்காரு."

"இடம் இல்லப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னாள்.

செங்கல்பட்டு நெருங்கும்போது கார் முழுக்கத் தைலம் வாடை. கோடாலித் தைலம். மாரீஸ்வரி ஜன்னலை இறக்கினாள். வாடை போகவில்லை.

"யாராச்சும் தைலம் எடுத்தீங்களா?"

இல்லை. யாரும் எடுக்கவில்லை.

மேல்மருவத்தூருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். டேங்க் நிரப்பிவிட்டுக் கொஞ்சம் தள்ளி, கழிவறை ஓரமாக வண்டியை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. பெண்கள் போனில் இருந்தார்கள்.

க்ளிக்.

பின்னால் ஒரு பெல்ட் கழன்றது.

இடது பக்கக் கதவு திறந்தது. காற்றில் திறக்கிற மாதிரி இல்லை. மூட்டு வலிக்காரர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, அப்புறம் இன்னொரு காலை வைத்து இறங்குகிற மாதிரி... நிதானமாக.

வண்டி லேசாக மேலே எழும்பியது.

கதவு திறந்தபடியே இருந்தது. வெளியே வெயில். யாரும் இல்லை.

மூன்று நிமிஷம் இருக்கும்.

வண்டி இடது பக்கம் தணிந்தது.

டப். கதவு மூடியது.

க்ளிக்.

அனன்யா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பூஜா சத்தமே இல்லாமல் அழுதாள். மாரீஸ்வரி வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள்.

யாரும் எடுக்கவில்லை.

"திருப்புங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியில் பின் சீட்டில் சத்தம் இல்லை. தைல வாடை மட்டும் பெருங்களத்தூர் வரை இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

அக்காவின் அறைக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். வாட்ச்மேன் குலாம்தான் தோள் கொடுத்து இடித்தார். உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது.

தங்கம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். குளித்து, தலை சீவி, புதுச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலை, ஒரு துண்டு, தைலம், வாந்தி மாத்திரை ஒரு அட்டை. அட்டையில் ஒரு மாத்திரை மட்டும் காலி.

கடைசி நிமிஷத்தில் தம்பி கூப்பிடுவான் என்று நினைத்திருக்கிறார். கூப்பிட்டால் உடனே ஏற வேண்டும், வழியில் யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு தயாராகப் படுத்திருக்கிறார்.

அந்தப் பையைப் பார்த்துவிட்டு மாரீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளைச்சாமிக்கு அழுகை வரவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் வந்தார். உடம்பு விறைத்துப்போய் இருந்தது. மாரடைப்பு என்றார். காலையிலேயே, பதினோரு மணிக்கு முன்னாலேயே போயிருக்கிறது என்றார்.

"நாலு மணிக்கு என்கிட்ட பேசினாங்க டாக்டர்" என்றார் வெள்ளைச்சாமி.

டாக்டர் அவரைப் பார்த்தார். மாரீஸ்வரியைப் பார்த்தார். அவளும் அந்தக் குரலைக் கேட்டவள்தான். தலையைக் குனிந்துகொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் விஜயராகவன் கூப்பிட்டு அனுப்பினார். அன்றைக்கு யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரில் கோடு போட்டிருந்தார்களாம். அதற்காகக் கேமரா பதிவைப் பார்த்திருக்கிறார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இதைப் பாக்கணும்."

திரையில் கார் பார்க்கிங். வெள்ளைச்சாமி தண்ணீர் கேனோடு வருகிறார். கேனைக் கீழே வைக்கிறார். அவரேதான் பின் சீட்டிலிருந்து நீலப் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைக்கிறார். தோள் துண்டால் சீட்டைத் துடைக்கிறார். தலையணையை நிறுத்துகிறார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, கையை நீட்டுகிறார்.

எதிரே யாரும் இல்லை.

யாரையோ கைத்தாங்கலாக ஏற்றுகிறார். குனிந்து, கீழே தொங்குகிற எதையோ உள்ளே ஒதுக்கிவிடுகிறார்... சேலைத் தலைப்பு கதவில் மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்குவது போல. வண்டி அந்தப் பக்கம் லேசாகத் தணிகிறது. அவர் ஏதோ சொல்கிறார். சிரிக்கிறார். கதவைச் சாத்துகிறார்.

"யாரோட சார் பேசிட்டிருந்தீங்க?"

வெள்ளைச்சாமிக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும், இன்றுவரை, ஒரு துளிகூட ஞாபகம் வரவில்லை.

திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். இந்தத் தடவை அவர் சீட்டைப் பார்க்கவில்லை. திரையில் சிரிக்கிற தன் முகத்தையே பார்த்தார். அக்கா உயிரோடு இருந்தபோது அப்படி ஒரு முகத்தோடு அவரிடம் கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்தாராம்.

அதுவும் ஞாபகம் வரவில்லை.