பாலாற்றில் மிஞ்சிய வழி

நோன்பு முடியச் சில நாட்களே இருந்தன. ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது தோல் மண்டியில் கணக்கு எழுதும் முன்ஷி வகுப்பு வாசலில் வந்து நின்றார். "ரஷீத் பாய் போய்ட்டாரு வாத்யாரே. விடியங்காட்டி சஹர் சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல" என்றார். "பெருநாள் நடைக்கு மூட்டை கட்டிவிட்டாரா?" என்று கேட்டேன். எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. முன்ஷி அழுதார்.

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோல்களைப் பாலாற்றில் அலசுவதுதான் அந்த மண்டியில் ரஷீத் பாயின் வேலை. ஊர்க்காரர்களான உங்களில் பலர் அவரை முழங்கால் தண்ணீரில் குனிந்த முதுகாகத்தான் கண்டிருப்பீர்கள். ஒரு மாலை கரையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "இந்த ஆத்துல எவ்ளோ அழுக்க கழுவி வுட்டிருக்கேன். அது போய்ச் சேர்ற எடத்த ஒரு தபா கண்ணால பாக்கணும் வாத்யாரே." ஆற்றோடு கடல் வரை நடப்பது என்று அன்றே முடிவாயிற்று. என் வீட்டில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். அவர் வீட்டிலும் அதையேதான் சொன்னார்களாம், உருதுவில்.

மண்டிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பள்ளிக்கு ஞாயிறு. இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது ரம்ஜான் பெருநாளை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள்தான். தொழுகை முடிந்ததும் அத்தர் மணக்க நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் ஆண்டு ஊரிலிருந்தே நடந்தோம். முடிந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டு ரயிலேறித் திரும்பினோம். மறு ஆண்டு அந்தக் கல்லிலிருந்து நடை. இப்படியே பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு என்று ஆண்டுக்கு ஒரு துண்டாக நடந்தோம். கல்லுக்கு நாலடி தள்ளி நான் நடக்கத் தொடங்கினால்கூட ஒப்புக்கொள்ளமாட்டார். "பின்னால வாங்க. கடலு எங்கயும் ஓடிடாது" என்பார்.

முதல் சில ஆண்டுகளில் பெருநாள் கோடையில் வந்தது. ஆற்காட்டுக்குக் கிழக்கே மணல் சுட்டு, என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ரஷீத் பாய் மண்டியிட்டுக் கையால் ஊற்றுத் தோண்டினார். கலங்கல் தெளியும்வரை இறைத்துவிட்டு, தகரக் குவளையை என்னிடம் நீட்டினார். நீங்கள் முதலில் குடியுங்கள் என்றேன். "தோண்டுனவன் கடைசிலதான் குடிக்கணும். எங்க அப்பா சொல்லிக் குடுத்தது" என்றார். பிறகு எங்கே ஊற்றுத் தோண்டினாலும் அதுவே எங்கள் சட்டம். நான் தோண்டிய நாட்களில் அவர் வேண்டுமென்றே சொட்டுச் சொட்டாகக் குடித்து என்னைத் தவிக்கவிடுவார்.

பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னால் வந்துகொண்டே இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் நடக்கிற மும்முரத்தில் அதை யோசிக்காமல் போனோம். கோடையில் தொடங்கிய எங்கள் நடையைப் பெருநாள் பல ஆண்டுகளில் மாசி, தை, மார்கழி என்று பின்னோக்கி மெல்ல இழுத்துக்கொண்டு போய் ஐப்பசி கார்த்திகை மழையில் தள்ளியது. சென்ற ஆண்டு செங்கற்பட்டைத் தாண்டி, கடலோசை காதில் விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். அங்கே ஆறு இரு கரையும் புரண்டு போயிற்று. வழி இல்லை. ரஷீத் பாய் வெள்ளத்தில் கையை நனைத்து முகர்ந்து பார்த்தார். "தோல் வாசனையே இல்ல, வாத்யாரே!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். கல்லை நட்டோம். "கொஞ்சூண்டுதான் பாக்கி. அடுத்த பெருநாளுக்கு முடிச்சிடலாம்" என்றார்.

இந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. இங்கிருந்து கடைசி வரை மணல்தான் என்கிறார்கள்.

அடக்க ஸ்தலம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. எல்லோரோடும் நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். திரும்பும்போது நடு ஆற்றில் என் கால் நின்றுவிட்டது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே உட்கார்ந்து ஊற்றுத் தோண்டினேன். தண்ணீர் தெளிந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் நின்றவர்கள் அத்தனை பேரும் நோன்பாளிகள். "எங்களுக்கு இப்பக் கூடாது, நீங்க குடிங்க வாத்யாரே" என்றார் முன்ஷி. நான் எப்படிக் குடிப்பேன்? அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முன்ஷியும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்து பாங்கு கேட்டதும் அந்தத் தண்ணீரில்தான் அவர் நோன்பு திறந்தார். அதற்குப் பிறகு நான் குடித்தேன்.

பெருநாள் அன்று காலை ரஷீத் பாயின் மகள் தகரக் குவளையைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அது என்னிடம் இருக்கிறது. கடலோசை கேட்கும் இடத்தில் நட்ட அந்தக் கல்லும், அதற்கப்பால் கொஞ்சூண்டு வழியும் என்னுடையவைதான். அந்த வழியை நீங்களாவது நடந்து முடிக்கக்கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். தோண்ட நான் இருக்கிறேன். முதலில் குடிக்க அவர் இல்லையே.