சோலார்காரியின் ஓரகத்தி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள். ஆனால் அவளை என்னைவிட உற்றுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வயிற்றெரிச்சல் பிடித்தவளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மாடி அறைக்குக் குடிவந்தபோது வாயில்லாப் பூச்சியாகத்தான் இருந்தாள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் தங்க மாட்டான். இவள் சும்மா உட்காரப் பிடிக்காமல் சோலார் பேனல் மாட்டும் பயிற்சிக்குப் போனாள்.

"கூரை ஏறுற வேலை உனக்கெதுக்குடி?" என்று கேட்டேன்.

"உயரம்னா எனக்குப் பயமில்லக்கா" என்றாள். அவ்வளவுதான் பதில்.

பயிற்சி முடிந்த கையோடு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி, தோளில் கருவிப் பை. தெருப் பிள்ளைகள் அவளைச் 'சோலார்காரி' என்று பெருமையாகக் கூப்பிட்டன. இத்தனை வருஷமாக இதே தெருவில் இருக்கிற எனக்கு 'டீசல் வீட்டம்மா' என்றுதான் பெயர்.

டீசல் என்பது என் வீட்டுக்காரர். கடைத்தெருவில் கரண்ட் போனால் எல்லாக் கடைக்கும் விளக்கும் மின்விசிறியும் இவருடைய ஜெனரேட்டரில்தான் ஓடும். கரண்ட் போகாத நாள் எங்கள் ஊரில் ஏது? அந்தச் சத்தத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. இவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து அந்த வாடை என் கையிலும் ஏறிவிட்டது. அவளோ சாயங்காலம் வெயிலில் உலர்ந்த துணி வாசனையோடு படியேறுவாள். அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போது, டீசல் விலை தாங்கவில்லை, புகையும் தாங்கவில்லை என்று கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். துணிக்கடை மாடியில் முதலில் சோலார் மாட்டிப் பார்ப்பது, சரிப்பட்டால் தெரு முழுக்க மாட்டுவது என்று முடிவானது. வேலைக்கு வந்தது யார்? எங்கள் வீட்டு மகராசிதான்.

"உங்க தம்பி பொண்டாட்டி நம்ம சோத்துல மண்ணை அள்ளிப் போடுறா, பாத்துக்கிட்டு இருக்கீங்களே" என்றேன் இவரிடம்.

"அவ மாட்டலன்னா வேற எவனாவது மாட்டப் போறான். சும்மா இரு."

நான் சும்மா இருப்பேனா? மழை வரட்டும், மேகம் மூடட்டும், அந்தக் கண்ணாடிப் பலகை எதற்கும் உதவாமல் போகட்டும் என்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

பேனல் எல்லாம் மாட்டி முடித்த நாளில், துணிக்கடை மாடியில் கிடந்த தன் பழைய வயரை எடுக்க இவர் போனார். ஜெனரேட்டர்காரர்களுக்கு ஒரே பாடம்தான் தெரியும். சத்தம் நின்றால் கரண்ட் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு வெறுங்கையால் வயரைப் பிடித்தே பழகியவர். அங்கே சோலாருக்கு வைத்த புதுப் பெட்டியின் சுவிட்ச் அணைந்திருந்தது, எங்கும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பேனலிலிருந்து வந்த இரண்டு வயர்கள் இவருடைய பழைய வயருக்குக் குறுக்கே கிடந்தன. அப்புறம் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டாக வெட்டினார்.

சுவிட்சை அணைத்தாலும் பேனலிலிருந்து வரும் வயரில் வெயில் இருக்கும்வரை கரண்ட் இருக்குமாம். வெயிலை யார் அணைப்பது? வெல்டிங் அடித்த மாதிரி வெளிச்சம் வந்து, பிளேயரின் வாய் உருகி, பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி பற்றிக்கொண்டது. அந்தப் பக்கம் தனியாக வேலையில் இருந்த அவள் ஓடிவந்து ஒரு மரக்கட்டையை எடுத்து இவர் கையைத் தட்டிவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் பேனல்களை மூடியிருக்கிறாள். இவர் உள்ளங்கை வெந்ததோடு போயிற்று.

புகையைப் பார்த்துத் தெருவே மாடியேறி வந்தது.

"என்னம்மா இது, மாட்டுன அன்னைக்கே தீப்பிடிக்குது?" என்றார் துணிக்கடைக்காரர்.

அவள் இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "என் தப்புதான் சார். வயரை நான் சரியாக் கட்டல."

கம்பெனி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. கடைக்காரர்கள் 'நமக்கு டீசலே போதும்பா' என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கையில் கட்டோடு வந்த மனுஷனுக்குச் சந்தோஷமாகச் சோறு பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கியவர் மூன்றாவதுக்கு வாய் திறக்கவில்லை. நடந்ததை அப்போதுதான் சொன்னார்.

"அவ ஏன் பழியை ஏத்துக்கிட்டா?"

"நானும் கேட்டேன். 'நீங்க தெருவுல தலை நிமிந்து நடக்கணும் மாமா'ங்குறா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் பகலில் எங்கள் வீட்டு மாடியில் அவள் நடக்கிற காலடி கேட்டது. வேலைக்குப் போகாதவளின் நடை. இதைத்தானே ஆசைப்பட்டாய், கேள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருப்புக் கொள்ளவில்லை.

"எந்திரிங்க" என்றேன் இவரிடம். "போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா ஜெனரேட்டரை மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுப்பு எரியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நீ எப்பலேருந்து இவ்வளவு நல்லவளானே?"

"நல்லவளும் இல்ல, கெட்டவளும் இல்ல. வேலையில அவ என்னைவிட ஒசத்தி, சரி. குணத்துலயும் ஒசந்துட்டா நான் எங்க போய் நிக்கிறது? காலம் பூரா அவளை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

போனார். பாதியை விழுங்கிவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே போய்த் துணிக்கடை வாசலில் நின்றேன். விழுங்கவில்லை. எல்லார் முன்னாலும், "வெட்டுனது நான். அந்தப் பிள்ளை என் உசுரைக் காப்பாத்துச்சு" என்றார்.

கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிட்டது. தெரு முழுக்க பேனல் ஏறியது. எங்கள் ஜெனரேட்டர் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. பயிற்சி முடித்தால் வேலை தருவதாகவும், அதுவரை அவளுக்கு எடுபிடியாக வரலாம் என்றும் கம்பெனியில் இவரிடம் சொன்னார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் என் அடுப்படிக்கு வந்து நின்றாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? மாமா பொழப்பு போச்சே."

"உன் தயவுல பொழைக்க வேண்டாம்னுதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடிக்க வந்தாள். நான் பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டேன். இல்லையென்றால் நானும் அழுதிருப்பேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவள் முன்னால் நடந்தாள். இவர் அவளுடைய கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் காய்கறிப் பையை ஒரு தடவை தூக்கியதில்லை இந்த மனுஷன்.