ஆசிடில் கரைந்த மீன்

அந்தக் கல்மீனைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் வாங்கினேன். வெளிநாட்டில் எப்போதோ வற்றிப்போன ஏரியின் அடியில் படிந்து, கல்லாகிவிட்ட மீன். உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக்கல் பலகையில் அதன் முள்ளும் வாலும் பழுப்பாகத் தெரியும். அரியலூர் வீட்டின் ஹாலில் அழகுக்காக மாட்டி வைத்திருந்தேன்.

சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் எனக்கு வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனைப் பார்க்க வந்தார்கள். பெருமையோடு பலகையைக் கழற்றினேன். மீனில் பாதியைக் காணோம். கல் வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தது.

"தூசியா இருந்துச்சுங்க. ஆளுங்க வர்றாங்களேன்னு காலைல பாத்ரூம் ஆசிட் ஊத்திக் கழுவுனேன். நுரை வரவும் அழுக்குதான் போவுதுன்னு நெனச்சிட்டேன்," என்றாள் என் மனைவி.

"அறிவிருக்கா உனக்கு? இது என்ன கக்கூஸா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆசிட் பட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துக் கரைவதை ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறேன். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் வேலை என்னவென்றே இத்தனை வருடத்தில் அவளுக்குச் சொன்னதில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க, எனக்குத்தான் தெரியல," என்றாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் என் மேசையை அவள் துடைப்பதில்லை. கேட்டால், "நீங்களே தொடச்சிக்குங்க," என்கிறாள். குரலில் கோபம்கூட இல்லை.