இரண்டு இழுப்பு அதிகம்

துளசிராமன் கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் கத்திப் பட்டறை போட்டது அறுபத்தாறில். லாரியில் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி, பழவேற்காட்டுப் பெண்கள் கருவாட்டுக்கு மீன் கீறும் கத்தியாக அடித்தான். நல்ல பேர் கிடைத்தது. நான்காம் வருஷம் அவன் இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது துருத்தி இழுத்த மனைவி செண்பகத்துக்கு மட்டுமே தெரியும்.

இரும்பு கோவைப்பழமாகச் சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். அதைத் தாண்டி வெளுத்துவிட்டால் பார்வைக்கு நல்ல கத்திதான், ஒருநாள் பட்டென்று உடையும். அவனுக்குச் சிவப்பும் வெளுப்பும் ஒன்றாகிவிட்டிருந்தன. பதம் வந்ததும் அவள் துருத்தியை நிறுத்துவாள், அவன் எடுப்பான். அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

எழுபத்தொன்று பங்குனியில், பட்டை இறக்க வந்த லாரிக்காரன் எதிரில் அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்: "பட்டணத்துல கண்ணைக் காட்டிக்கினு வந்துடேன்."

லாரி போனதும் துளசிராமன் இடுக்கியாலேயே அவள் தோளில் அடித்தான்.

"இன்னாமே, ஊர் பூரா குருடன்னு தமுக்கு அடிக்கிறியா?"

அன்று உலையில் பன்னிரண்டு கத்திகள். ஒவ்வொன்றும் சிவந்தபோது அவள் நிறுத்தவில்லை. வலிக்கிற தோளோடு இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்தாள். பன்னிரண்டும் வெளுத்தன. அவன் கொஞ்சமும் சந்தேகப்படாமல் முக்கினான். உடையட்டும், வாங்கினவர்கள் கொண்டுவந்து அவன் முகத்தில் எறியட்டும் என்று நினைத்தாள். உடைகிற நேரத்தில் அது ஒருத்தி கையில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் வாரம் பழவேற்காட்டு அஞ்சம்மாள் வலது கையில் கட்டோடு வந்து நின்றாள்.

"பாதி கத்தி மீன்ல, பாதி என் கைல. ஆஸ்பத்திரில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க ஆசாரி."

"நீ கல்லுல போட்டு வெட்னா இரும்பு இன்னா பண்ணும்?" என்றான் துளசிராமன்.

"மீனு எது, கல்லு எதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சவளா நானு?"

வெளியார் முன்னால் குரல் எழுப்பியே அறியாத செண்பகம் எழுந்து வந்தாள்.

"அவருக்குத்தாம்மா கண்ணு தெரியாது. பதம் பாக்கறது நானு. அன்னிக்கி இவர்மேல இருந்த கோவத்துல வேணும்னே கெடுத்துட்டேன்."

துளசிராமன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

அஞ்சம்மாள் திட்டவில்லை.

"அப்ப நீயே அடிச்சுக் குடு. இடக்கைக்கு. கூர்வாய் மறுபக்கம் வெச்சி. எனக்கு வேற தொழிலு தெரியாது."

செண்பகம் தனியாக அடித்த முதல் கத்தி அதுதான். மறுநாள் அஞ்சம்மாளோடு பஸ் ஏறிப் பழவேற்காட்டுக் குப்பங்களில் வீடு வீடாகப் போய், மீதிப் பதினொன்றையும் கேட்டாள். ஒன்பது கிடைத்தன. இரண்டை யாரோ ஆந்திராப் பக்கத்துச் சந்தையில் விற்றுவிட்டிருந்தார்கள். வாங்கினவர்கள் பேர் ஒருவருக்கும் தெரியவில்லை.