எனக்குப் பேச வராது

எனக்குப் பேச வராது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதையும் நைனாவே சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் என் பெயரைக் கேட்டார், நைனா சொன்னார். பொன்னேரியில் டாக்டர் எங்கே வலிக்கிறது என்று என்னைக் கேட்டபோதும் நைனாதான் வயிறு என்றார். வலித்தது காது. வயிற்று மருந்தைக் குடித்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். "புடிச்சிருக்கு" என்று நைனா சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரியாக இருந்ததால் எனக்கு வருத்தமில்லை. மனைவிக்குத்தான் வருத்தம். தன்னைப் பிடித்திருப்பதாக மாமனார் சொல்லித்தான் தெரியும் என்பாள்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன், பாடு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். பழவேற்காடு ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை போட்டுவிட முடியாது. இறால் நன்றாகப் படும் இடங்களில் ஊர்க்காரர்கள் முறைவைத்துத்தான் போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அதில் இடம் வேண்டுமென்றால், கல்யாணமான ஆண் கோயில் முன்னால் கூடும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று தன் வாயால் கேட்க வேண்டும். அப்பன் கேட்டால் செல்லாது. அடுத்தவர் வாயால் கேட்கிறவன் இன்னும் சின்னப் பையன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். பாடு கிடைக்காதவன் அப்பன் படகிலேயே ஆளாகக் கிடக்க வேண்டியதுதான். ஊர் எனக்காகவே உட்கார்ந்து யோசித்து இந்தச் சட்டத்தைப் போட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

போன வருஷம் எழுந்து நின்றேன். எச்சில் விழுங்கினேன். உட்கார்ந்துவிட்டேன். என்னை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மனைவி அன்று ராத்திரி சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டுப் போனாள். வீட்டில் நைனா ஒருவர்தான் பேசினார்.

அதற்குப் பிறகுதான் பொன்னேரியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மாடியில் நடக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளர் அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். தினமும் காலையில் எங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்புவார், "சிங்கமே, எழுந்திரு" என்று. அது வருவதற்குள் சிங்கம் எழுந்து, ஏரிக்குப் போய், வலையை இழுத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்.

கூட்டத்தைப் பார்த்தால் பயமா, எதிரில் இருக்கிறவர்களை முட்டைக்கோஸாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய முதல் பாடம். நான் முட்டைக்கோஸோடு அதிகம் பழகியவன் இல்லை. எனக்குத் தெரிந்த நண்டாக நினைத்துப் பார்த்தேன். நண்டுக்குக் கண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், இமைக்கவும் இமைக்காது. அத்தனை நண்டுகளும் என்னையே முறைத்தால் எப்படி இருக்கும்? முதல் பாடத்திலேயே பயம் இரண்டு மடங்கானது.

இரண்டாவது பாடம் கண்ணாடி முன் நின்று பேசுவது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பாதி இடத்தை மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதியில் என் ஒரு கண்ணும் மீசையும் தெரியும். அந்த மீசையைப் பார்த்து, "வணக்கம், என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால்" என்று ஆரம்பித்தேன். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நைனா, யாரோ வந்து என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "அவன் என் பையன்தான், அவனுக்கு பேச வராது" என்று அங்கிருந்தே பதில் சொன்னார்.

ஆனாலும் வகுப்பில் தேறிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை, முக்கியமாக நைனா இல்லை. கடைசி நாளில் எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டுவதும் பாடத்தில் ஒன்று என்பதை நான் மறந்துவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து வந்தேன்.

இந்த வருஷக் கூட்டம் வந்தது. என் முறை வந்ததும் எழுந்தேன். பயிற்சியாளர் சொன்னபடி முகத்தில் புன்னகையை வைத்துக்கொண்டு, கைகளை விரித்து, "அன்பார்ந்த பெரியோர்களே, ஒரு நிமிடம் கண்ணை மூடி ஓர் ஏரியைக் கற்பனை செய்யுங்கள்" என்றேன். ஏரி எனக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டு பெரியவர்கள் மரியாதைக்குக் கண்ணை மூடினார்கள். அதில் ஒருவர் அப்புறம் திறக்கவேயில்லை, குறட்டைதான் வந்தது. நான் விடவில்லை. விடாமுயற்சி, வெற்றி, வாழ்க்கை என்று போய்க்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் நீட்டி முழக்குகிறவர்கள் ஒரே ரகம்தான், தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயிற்சியாளருக்குத்தான் தெரியாது. முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் தன் வலை அறுந்து கிடந்ததை ஞாபகப்படுத்தினார். இன்னொருவர் தன் படகில் காணாமல் போன துடுப்பைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். கடைசியில் ஊர்த்தலைவர் கையை உயர்த்தி, "இன்னா பண்ண நீ? மறைக்காம சொல்லு" என்றார்.

நான் புன்னகைத்தேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். படித்த வார்த்தைகள் எல்லாம் என்னை விட்டுவிட்டு ஓடிப்போயின. போன வருஷம் மாதிரியே எச்சில் விழுங்கினேன்.

அப்போது நைனா எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அவனுக்கு பேச வராதுபா. அவன் இன்னா கேக்க வந்தான்னா" என்று ஆரம்பித்தார். அவர் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டால் இந்த வருஷமும் நான் சின்னப் பையன். அடுத்த வருஷமும் அப்படித்தான் ஆகும். எனக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கும் அவரே பேசுவார்.

"நைனா, நீ குந்து."

வகுப்பில் பழகிய குரல் இல்லை அது. எதிர்காற்றில் படகிலிருந்து கத்துகிற குரல். தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்கூட விழித்துக்கொண்டார். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு பாடு வோணும்" என்றேன்.

இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்று தலைவர் சலித்துக்கொண்டார். என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். நைனா முகத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு நடந்தபோது அவர் பேசவே இல்லை. அந்த வழியில் அவர் பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை. ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அவரைப் பார்த்துத்தான், "மாமா, இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

நைனா குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே, "அவனயே கேளு" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். உள்ளே போய், திக்கித் திக்கி, முன்னுக்குப் பின் முரணாக, எப்படியோ சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை நைனா வீட்டுக்குள் வரவில்லை.