ஜடையனுக்காக எழுதிய டிஸ்க்

சுசித்ராவுக்கு வயது நாற்பத்து மூன்று. மைசூர் அக்ரஹாரத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்னக் கடையில், பத்தொன்பது வருஷமாகக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து டிஸ்க்கில் எழுதிக் கொடுக்கிறார். இப்போது பாதிப் பேர் போனிலேயே படத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனாலும் டிஸ்க் கேட்டு ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள்.

டிஸ்க் விஷயத்தில் அவர் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறார். 2014 சீசனில், பெயரே இல்லாத கம்பெனியின் வெற்று டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கி, அறுபத்தோரு கல்யாணங்களை எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறதாம். கடையில் இருந்த நகலைப் போட்டுப் பார்த்தார். அதுவும் அதே கட்டு டிஸ்க். அதுவும் நின்றது. அறுபத்தொன்றில் இருபத்து மூன்று திரும்பக் கிடைக்கவே இல்லை.

சுசித்ரா அந்த இருபத்து மூன்று வீட்டுக்கும் தானே போன் செய்து, "படம் போயிடுச்சு, தப்பு என்னுதுதான்" என்று சொன்னார். சிலர் கத்தினார்கள். சாமராஜநகரிலிருந்து பாப்பம்மாள் என்ற அம்மா மட்டும் நேரில் கடைக்கு வந்தார். மகளின் கல்யாண டிஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். கத்தியவர்களை விட அந்த அம்மாதான் சுசித்ராவின் மனசில் நின்றார்.

2021 ஆகஸ்டில் ஒரு மத்தியானம் ஜடையன் வந்தார். ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரர். அங்கிருந்து மைசூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் சின்ன லோடு வண்டி ஓட்டுபவர். சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"அம்மணி, இதுல நாலு நிமிசப் படம் இருக்குதுங்க. சிடில போட்டுக் கொண்டாங்கன்னு வக்கீல் சொல்லிப்போட்டாருங்க."

"கோர்ட்டுக்காண்ணா?"

"ஆமாங்க. நான் ஆள இடிச்சுப்போட்டேன்னு கேசு. நான் இடிக்கலீங்க. நாயி குறுக்க உளுந்து, பைக்குல வந்தவரு அவராத்தான் உளுந்தாரு. நாந்தான் தூக்கி வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். தூக்கினவனையே புடிச்சுக்கிட்டாங்க."

ரோட்டோர பேக்கரி ஒன்றின் கேமராவில் பதிந்த படம் அது. பதினைந்து நாளானால் பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிந்துவிடும் கேமரா. பதினாலாவது நாள் பேக்கரிக்காரரைப் பிடித்து, படத்தோடு, அது தன் கேமராவில் பதிந்ததுதான் என்று ஒரு சான்றுக் கடிதமும் ஜடையன் வாங்கியிருந்தார்.

சுசித்ரா படத்தை ஓட்டிப் பார்த்தார். ஜடையன் சொன்னது அப்படியே இருந்தது.

"ஒரு காப்பி போதுமுங்க அம்மணி."

"போதாதுண்ணா. உக்காருங்க, வந்துடறேன்."

கடையில் இருந்தது கல்யாணத்துக்கு எழுதும் சாதாரண டிஸ்க்தான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேவராஜ அரஸ் ரோட்டில் கிரணின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். எழுதி அழித்து மறுபடி எழுதும் வகையைக் கிரண் எடுத்து வைத்தான். கோர்ட்டுக்கு அது ஆகாது என்று சுசித்ரா தள்ளிவைத்தார். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத வகைதான் வேண்டும். அதிலும் இரண்டு வேறு கம்பெனி.

"கோர்ட்டுக்குத்தானே மேடம்? ஃபைலுக்குள்ள போய்த் தூங்கப் போகுது. எதுவா இருந்தா என்ன?"

"ஹௌதா, அப்படியா? தூங்கி எழும்போது உயிரோட இருக்கணுமே கிரண்."

ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தில் பூச்சு திட்டுத்திட்டாக இருந்த இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்கு வந்து, வேகத்தைக் குறைத்து வைத்து மூன்று டிஸ்க் எழுதினார். எழுதியதைப் பென் டிரைவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். பசை டிஸ்க்கைக் கெடுக்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டவில்லை; நடுவளையத்தில் தேதியை மட்டும் குறித்தார். ஒன்று வக்கீலுக்கு, ஒன்று ஜடையனுக்கு. வேறு கம்பெனியின் மூன்றாவதைத் தன் அலமாரியில் நிறுத்தி வைத்தார்.

கேஸ் விசாரணைக்கு வர மூன்று வருஷம் ஆனது. ஒரு காலை ஜடையன் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அம்மணி, வக்கீல் ஃபைலை இறுக்கிக் கட்டி வெச்சதுல சிடி நடுவுல விரிசல் விட்டுப்போச்சுங்க. எங்கிட்ட இருந்ததை வண்டில முன்னாடி வெச்சிருந்தேன். வெயில்பட்டு அதுவும் ஓட மாட்டேங்குது. பென் டிரைவை புள்ளை காலேஜுக்குன்னு அழிச்சுப்போட்டா. வெள்ளிக்கெழம வாய்தாங்க."

சுசித்ரா போனை வைக்காமலே அலமாரியைத் திறந்தார். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டார். சுற்றும் சத்தம் கேட்டது; நின்றது; மறுபடி கேட்டது. பிறகு பேக்கரி வாசல் திரையில் வந்தது. நாலு நிமிஷமும் தடங்கலின்றி ஓடியது.

"இருக்குண்ணா" என்றார். கோர்ட்டுக்குக் கொடுப்பதற்கு முன் தன் அலமாரிக்கு இன்னொரு நகல் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சுசித்ராவும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்னால் படத்தை மாற்றியிருக்கலாம் அல்லவா என்று அரசு வக்கீல் கேட்டார். "மாத்தலாம் சார். நான் மாத்தல. மூலையில மணி ஓடுது பாருங்க, ஒரு நொடி விட்டுப் போகல" என்றார். பேக்கரிக்காரரும் வந்து தன் கடிதத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஜடையனை விடுவித்துத் தீர்ப்பு வந்தது. அன்று ஒரு கூடை தக்காளியைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தக்கூட இடமில்லை என்று அவர் உடனே கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் கடைக்கு இன்னொருவர் வந்தார். இடதுகாலைச் சற்று இழுத்து நடந்தார். பைக்கிலிருந்து விழுந்தவர் அவர்தான், பெயர் உமேஷ்.

"அன்னைக்கு நடந்தது எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல மேடம். கண்ணு முழிச்சப்போ, வண்டிக்காரன் இடிச்சான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் போலீஸ்ல அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன். கோர்ட்ல தூரத்துலருந்து பார்த்தது சரியா தெரியல. ஒருதடவை காட்டறீங்களா?"

சுசித்ரா ஜடையனுக்குப் போன் செய்து கேட்டார். "காட்டுங்க அம்மணி, பார்க்கட்டும்" என்றார் ஜடையன்.

சுசித்ரா அலமாரி நகலைப் போட்டார். திரையில் நாய் வந்தது. பைக் சரிந்தது. பின்னால் வந்த லோடு வண்டி பத்தடி தள்ளி நின்றது. ஜடையன் இறங்கி ஓடிவந்து உமேஷைத் தூக்கி, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தார். வண்டியைக் கிளப்பப் போனவர் மறுபடி இறங்கி, ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து உள்ளே போட்டார்.

உமேஷ் இன்னொரு தடவை போடச் சொன்னார். செருப்பு எடுக்கும் இடம் வந்ததும் தலை குனிந்துகொண்டார்.

"அவர் நம்பர் கிடைக்குமா?"

சுசித்ரா எழுதிக் கொடுத்தார். உமேஷ் வெளியே போய், படியோரம் நின்று போனைக் காதில் வைத்தார். என்ன பேசினார்கள் என்று சுசித்ராவுக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தபோது, அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஜடையன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.